தாய்மொழி: மற்றவை

வலங்கைமான் கடைத்தெருவுக்குப் பின்னால்
நெல் மண்டியை ஒட்டிய மாடிவீடு.
கணக்கெடுப்புக்கு வந்தவள் நான்,
மற்ற நாளில் எட்டாம் வகுப்புக்குப் புவியியல்.
கழுத்தில் அடையாள அட்டை,
அதில் என் படம் யாரோ போல.

கோதண்டபாணி ஃபேனை என் பக்கம் திருப்பினார்.
தாய்மொழி? என்றேன்.
"தெலுங்கு. எழுதப் படிக்கத் தெரியாதுன்னு
பக்கத்துல போட்டுக்குங்க."
அலமாரிக் கதவில் மளிகைச் சீட்டு:
பெல்லம் ஒரு கிலோ, சிந்தபண்டு அரை,
எல்லாம் தமிழ் எழுத்தில்.

தெலுங்கு எங்கே பேசப்படுகிறது என்றால்
கிருஷ்ணா, கோதாவரி என்று
இரண்டு நீலக் கோடு இழுப்பார்கள் பிள்ளைகள்.
முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.
இந்த வீட்டில் அது
அடுப்படியிலிருந்து கொல்லைக் கதவு வரை,
சாமியிடமும், கைதவறி உடைந்த தட்டிடமும்.
படியிறங்கினால் தமிழ்.
மூட்டை எண்ணினால் தமிழ்.
எத்தனையோ தலைமுறையாய் வெட்டாற்றுத் தண்ணீரைக் குடித்தும்
நீள்ளு என்றுதான் கேட்டு வாங்குகிறது.

மருமகள் மாடியிலிருந்து இறங்கினாள்,
இடுப்பில் ஐந்துமாதப் பிள்ளை.
பெயர் மெருயெர்ட். அப்படியென்றால் முத்தாம்.
மாமியார் முத்யம் என்கிறாள்,
தெரு முத்து என்கிறது,
மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கிறாள்.
அல்மாட்டிக்கு டாக்டர் படிக்கப் போன தசரதன்
பட்டத்தோடு கூட்டி வந்தவள்.

கசாக், என்றாள்.
பட்டியலில் விரலை ஓட்டினேன்.
கன்னடம், காஷ்மீரி, கொங்கணி.
கீழே, எல்லாவற்றுக்கும் கீழே,
மற்றவை.

அந்த நாட்டைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்.
சாக்பீஸ் தேயும்.
இந்தியாவைக் கொஞ்சம் சுருக்கினால் அதன் அகலம்,
ஆட்களோ இரண்டு கோடி.
நம் பக்கம் ஒரு மதகுக்கும் அடுத்த மதகுக்கும் நடுவில்
மூன்று ஊர், இரண்டு வழக்கு.
தெலுங்கு நாற்றங்கால் போல நெருங்கி நிற்கும் மொழி.
அவளுடையதை யாரோ நடந்துகொண்டே விதைத்திருக்கிறார்கள்.
வேலிக்கு அந்தப்புறம் சீனாவிலும், மங்கோலியாவிலும்
முளைத்து நிற்கிறதாம்,
முளைத்த இடத்துக்கு ஒரு எழுத்தாக.
"சீனாவுல சித்தப்பா. அவர் லெட்டர் எனக்குப் படிக்க வராது.
யாராவது படிச்சா எல்லாம் புரியும்."
கோதண்டபாணி
அலமாரிச் சீட்டை ஒருமுறை பார்த்தார்.

இங்கே எங்கே பேசுவே?
"மொட்டைமாடி. டேங்க் பின்னால. அங்கதான் சிக்னல்."
தினமும் அம்மாவோடு.
இங்கே ஆறு என்றால் அங்கே ஐந்தரை.
எத்தனை மலை, எத்தனை எல்லை,
அரைமணிதானா வித்தியாசம் என்று
தீர்க்கரேகை நடத்துகிற எனக்கே உறைத்தது.

வேறு தெரிந்த மொழிகள்?
கணவனோடு ரஷ்யன்.
சண்டை என்றால் இங்கிலீஷ், இருவருக்கும் சமதூரம்.
மாமியாரோடு தெலுங்கு, கீரைக்காரியோடு தமிழ்.
விரல் மடக்கிச் சொன்னாள்,
கட்டைவிரலை மட்டும் மடக்கவில்லை.

பிள்ளைக்கு?
"தெலுங்குதான்" என்று முந்தினார் கோதண்டபாணி.
விதியைச் சொன்னேன்:
பேச்சு வராத பிள்ளைக்குத் தாய் பேசும் மொழி.
"இவ பேசறதுல எது?"
நியாயமான கேள்வி.
கைப்புத்தகத்தைப் புரட்டினேன்,
அதற்குப் பக்கம் ஒதுக்கவில்லை.

அப்போது டேங்க் நிரம்பி வழிந்தது.
மாடியிலிருந்து கொல்லையில், பாத்திரங்கள்மேல்,
கொட்டோ கொட்டென்று.
"நீள்ளு, நீள்ளு" என்று கத்திக்கொண்டே
மோட்டாரை அணைக்க ஓடினார் அவர்.
பிள்ளை சத்தத்தை நோக்கிக் கையை நீட்டியது.
சு, என்றாள் அவள், அதன் காதோரம்.
யாருக்காகவும் சொல்லவில்லை,
நான் இருப்பதையே மறந்திருந்தாள்.

மற்றவை என்பதை இரண்டாம் முறையும் தொட்டேன்.

வலங்கைமானில், என் கணக்கில்,
கசாக் பேசுவோர் இரண்டு பேர்.
ஒருவருக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

அடுத்த வீடு பூட்டியிருந்தது.