இறங்கும்போது தருவானாம்

டிக்கெட் அறுபது ரூபாய், நான் நீட்டியது நூறு.
"பஹினகொட்ட தென்னம்" என்றான் கொண்டக்டர்.
இறங்கும்போது தருவானாம்.
டிக்கெட்டின் முதுகில் நாற்பது என்று கிறுக்கி
பேனையைக் காதில் செருகி
பின்கதவுக் கூட்டத்துக்குள் கரைந்துபோனான்.

அன்றைக்குக் காலை ஏற்கெனவே
நான் நிறையத் தோற்றிருந்தேன்.
மேல்வீட்டில் ஆறரைக்கே சுவரைத் துளைக்கிறார்கள்,
மூன்று மாதமாக.
எத்தனை படம்தான் மாட்டுவார்கள்.
லிஃப்டின் கதவு மூடும், யோசிக்கும், திறக்கும்,
மூடும், யோசிக்கும்.
ஒன்பது மாடியும் படியால் இறங்கிய பிறகுதான்
குடை மேலே இருப்பது நினைவு வந்தது.
கரண்ட் பில் கட்டப் போனால்
உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் அனுப்பியுள்ளோம்
என்கிறது வங்கி. அனுப்பியிருக்கலாம்.
வெள்ளவத்தைக் கடற்காற்றில் துருப்பிடித்து
எங்கேயோ நிற்கிறது போலும்,
எங்கள் சாவி, கேத்தல், ஜன்னல் கொளுக்கி மாதிரி.

ஓட்டோக்காரன் வேறு.
போனில் எறும்பாக ஊர்ந்து கிட்ட வந்தான்.
எங்கே போகவேணும் என்றான்.
கொள்ளுப்பிட்டி.
காசா, கார்டா?
கார்ட்.
எறும்பு திரும்பிப் போனது.

அதனால்தான் பஸ்.
அதனால்தான் இந்த நாற்பது.

பம்பலப்பிட்டியில் ஒரு சிவப்பு விளக்கு,
பக்கத்து சீட் பெண் தன் மாமியாரைப் பற்றி
போனில் முதலிலிருந்து கடைசிவரை
சொல்லி முடிக்கும் மட்டும் எரிந்தது.
இடப்பக்கச் சந்துகளின் முடிவில்
கடல் வந்து வந்து போனது.
நான் பார்க்கவில்லை. என் கண் முழுக்க
அந்தக் காக்கிப் பையில்.
"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட."
முன்னுக்குப் போக இனி
டிரைவரின் மடிதான் மிச்சம்.

நான் இறங்கியது முன்கதவால்.
அவன் பின்கதவில்.
நாற்பது ரூபாய்க்குக் கத்துவதா?
கத்துவதென்றால் எந்த மொழியில்?
வசனத்தை மனதுக்குள் அடுக்கி
வினைச்சொல்லை எங்கே வைப்பதென்று பார்க்க முன்
பஸ் போய்விட்டது,
கரும்புகையை ரசீதாகத் தந்து.

என் பெயர் சுகிர்தமலர்.
கந்தோர் வாசலில் விரல் வைக்கும் இயந்திரத்துக்கு
நான் சுகிர்தமல். கடைசி எழுத்துக்கு
இடமில்லையாம்.
சுகிர்தமல் ஏழு நிமிடம் பிந்திவிட்டாள்
என்று அது சிவப்பில் காட்டியது.
யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

மத்தியானம் ரிஸ்மியாவிடம் சொன்னேன்.
பானைப் பருப்பில் தோய்த்தபடி
"இந்த மாசம் மட்டும் எனக்கு இருநூற்றிப் பத்து" என்றாள்.
அவளும் எண்ணுகிறாள்.
கொஞ்சம் ஆறுதலாகவும்
கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இரவு பதினொன்றேகாலுக்கு
வங்கி அந்த ஆறு இலக்கத்தையும் அனுப்பியது,
யாரிடமும் சொல்லவேண்டாம் என்ற எச்சரிக்கையோடு.
யாரிடம் சொல்வது.

அடுத்த செவ்வாய்.
அதே பஸ், அதே காது, அதே பேனை.
நான் வாயைத் திறக்க முன்
அவனே வந்து தாளும் சில்லறையுமாகக்
கைக்குள் திணித்தான். அன்றைய பாக்கியாம்.
கூப்பிடக் கூப்பிட இறங்கிப் போனேனாம்,
எனக்கு ஏச்சு வேறு.
எண்ணிப் பார்த்தேன்.
எழுபது.

"மம நெவெயி" என்றேன். நான் இல்லை.
வினைச்சொல்லே தேவைப்படாத வசனம்,
சுத்தமாக வந்தது.
அதற்குள் அவன்
இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட என்று தூரப் போய்விட்டான்.

ஆக, இந்தக் காலி வீதியில் எவளோ ஒருத்தி,
என் உயரம், என் மாதிரிக் கண்ணாடி,
எழுபது ரூபாயை ஒரு கிழமையாக மென்றுகொண்டிருக்கிறாள்.
அவளுடைய லிஃப்டும் யோசித்திருக்கும்.
நாற்பது போக முப்பது என்று
ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை.
கைப்பையின் சின்ன ஸிப்புக்குள்
அப்படியே கிடக்கிறது காசு.

பஸ் தரிப்பில் நின்று
கண்ணாடி போட்ட பெண்களையெல்லாம் பார்க்கிறேன்.
அவர்கள் போனைப் பார்க்கிறார்கள்,
ஏதோ ஒரு இலக்கத்துக்காக.