சிட்டம்பட்டி வரை

பெரம்பூரில் கையெழுத்துப் போடும்போது மணி ஒன்பது.
பன்னிரண்டு வருஷத்துச் சாம்பல் வண்டி.
இடப்பக்க வைப்பர் பாதிவரை போய்
எதையோ மறந்துவிட்ட ஆள் மாதிரி திரும்பிவிடும்.
கிளமென்ட் சார் அதைச் சொல்லவில்லை,
விழுப்புரத்தில் மழைதான் சொன்னது.

சோணைக்கு ஓட்டத் தெரியாது.
தூங்கத் தெரியும்.
எனக்கு மிதிப்பதொன்றும் புதிதில்லை,
வில்லாபுரத்தில் பதினோரு வருஷம்
நைட்டி தைத்து இந்த வண்டியைச் சேர்த்த கால்.
என்ன, அங்கே துணி நகரும்,
நான் நகர்வதில்லை.

சமயபுரம் தாண்டியதும் போன்.
சோணை ஸ்பீக்கரில் போட்டான்.
"திருச்சி வந்தாச்சு போல?"
எப்படித் தெரியும் சார்?
"ஸ்டிக்கர் என் பேர்லதானேம்மா இருக்கு."
ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி,
கம்பி தூக்கிய இடத்திலெல்லாம்
பெரம்பூரில் ஒரு சட்டைப்பை அதிர்ந்திருக்கிறது.
நாளைக்கே மாத்திடுறேன் சார் என்றேன்.
"அவசரமில்ல. மழையா அங்க?
பின்கதவு ஒழுகும், இடதுபக்கம். துண்டு வைங்க."

சோணை அரைத்தூக்கத்தில் பின்னால் துழாவினான்.
ஏற்கெனவே ஒரு துண்டு சொருகியிருந்தது.
பழைய புடவைக் கிழிசல், ஆனால்
நான்கு ஓரமும் மடித்து, கையால் அடித்த தையல்.
ஒழுகுகிற கதவுக்கு யார் இவ்வளவு பார்ப்பார்கள்?
காலையில் அந்த வீட்டில்
சாரைத் தவிர யாரும் இல்லை.
காபியும் அவரேதான் போட்டார். சர்க்கரை அதிகம்.

பூதகுடியில் கம்பி எழவில்லை.
"பேலன்ஸ் இல்லக்கா, ரொக்கம்னா டபுள்."
பின்னால் ஆம்னி பஸ் ஹாரனில் கையை வைத்து எடுக்கவில்லை.
ஜன்னலை இறக்கினால் மடியெல்லாம் மழை.
பர்ஸைத் தேடுகிற நேரத்தில்
கம்பி தானாக எழுந்தது.
"முந்நூறு போட்ருக்கேன். ஊர் போய்ச் சேரப் போதும்."
எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்று தெரியவில்லை.
ஜிபே பண்ணிவிடு என்றேன் சோணையிடம்.
சிக்னல் இல்லை என்றான்.

கொட்டாம்பட்டிக்கு அப்புறம் அது மழையே இல்லை.
நூல் கோக்காத மிஷின்கள் நூறு
ஒரே சமயம் ஓடினால் எப்படியோ, அப்படி.
குத்துகிறது, எதுவும் சேரவில்லை.
ரோடும் வானமும் ஒரே ஈயம்.
முன்னால் ஒரு வைக்கோல் லாரி, ஒற்றை சிவப்பு விளக்கு,
கிழிந்த தார்ப்பாய் அடித்துக்கொள்ள,
கருங்காலக்குடி எங்கே போனதென்றே தெரியாமல்
அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.
மேலூரில் லாரி திரும்பிவிட்டது.
கை காட்டினேன். அவனுக்கு எங்கே தெரிந்திருக்கும்.
சோணை எழுந்து, "அதுக்குள்ள மேலூரா?" என்றான்.

சிட்டம்பட்டி. எட்டேகால்.
கம்பி எழுந்தது.
அடுத்த டோல் இல்லை.
ஒத்தக்கடைவரை போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன்,
பார்க்கக் கூடாதுதான்.
மின்னலில் ஒருதரம் ஆனைமலை முழுசாய்த் தெரிந்தது,
குளித்துவிட்டுப் படுத்த மாதிரி.
மாட்டுத்தாவணி, தெப்பக்குளம்,
முழங்கால் தண்ணீரில் ஆட்டோவைத் தள்ளுகிறவர்கள்.

தெருமுனையில் ரிவர்ஸ் எடுக்க மூன்று தடவை ஆனது.
பாத்துமுத்து அக்கா குடையோடு வந்து
"ஒடி, ஒடி, போதும்" என்றாள்.
கதவைத் திறந்து துண்டை உருவிப் பிழிந்தேன்.
ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும்.
ஒரு தையல்கூட விடவில்லை.

வாசலில் நின்றபடியே அழைத்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தார்.
சேர்ந்தாச்சு சார்.
"எட்டேகாலுக்கு அப்புறம் ஒண்ணும் வரல."
இல்ல சார், அதுக்கப்புறம் டோல் கிடையாது.
"ம்."
சார், அந்தத் துண்டு... கூரியர்ல அனுப்பிடவா?

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம்.
பிறகு,
"உள்ளே ஒழுகுச்சா இல்லையா,
அதச் சொல்லுங்க" என்றார்.