இரண்டு நாற்பதுக்கு வந்த கரண்ட்

முற்றத்தில் யாரோ கத்தினார்கள்: "வந்துடுச்சு!"
திபிலிசியில் அந்தக் குளிர்காலம்
கரண்ட் வரும்போதுதான் எங்களுக்கு விடியும்.

பழுப்புச் சோப்பைத் துருவிப் போட்டு,
மண்ணெண்ணெய் அடுப்பில் எனாமல் வாளியில் கொதிக்கவைத்து
மாலையே துவைத்தாயிற்று.
மஞ்சள் போனது.
வட்டமாய் ஒரு நிழல் மட்டும் போகமாட்டேன் என்றது.
பாலம் கட்டப் படித்தவன் நான்.

வெளியே கொடியில்
இருபத்திரண்டு மல்லுத்துணிச் சதுரங்கள்
அப்பளமாய் விறைத்திருந்தன.
இஸ்திரிப்பெட்டியைச் செருகியதும் ஃப்யூஸ் போனது,
எங்கள் வீட்டுக்கு மட்டும்.

எதிர்மாடி லமாரா பார்த்துக்கொண்டிருந்தாள் போல.
ஒன்றும் கேட்கவில்லை.
கப்பிக் கயிற்றைத் தன் பக்கம் இழுத்தாள்.
கீச்சு கீச்சென்று
அத்தனையும் இருட்டைக் கடந்து
அவள் ஜன்னலுக்குள் போயின.

கேத்தோ என் கோட்டுக்குள் தூங்கினாள்,
கடைசி உலர்ந்த துணியோடு.
கண்ணாடியில் படிந்த மூச்சைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்:
ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் தேய்க்கிறாள்.
மூன்றாவது மடிப்பை உள்ளே செருகுகிறாள்.
எனக்கு அது வர ஒரு மாதம் ஆயிற்று.
அந்த வீட்டில் குழந்தைச் சத்தம்
யாரும் கேட்டதில்லை.

கூடையில் திரும்பி வந்தன,
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிச் சூட்டோடு.
எண்ணினேன். இருபத்தொன்று.
மறுபடி எண்ணுவதற்குள் கரண்ட் போயிற்று.
முற்றமே மின்வாரியத்தைத் திட்டியது.

பேக்கரியில் இரவு வேலை முடித்து வந்த மனானா
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:
"ஒன்று குறைகிறதே?"

காற்று, என்றேன்.

காற்றே இல்லை அன்று.