யாரை யார்

சுல்மோனாவில், கால்நடை இழப்பீட்டுப் பிரிவில்
என் மேசைக்கு ஜன்னல் கிடையாது.
படிவம் பதினொன்று, ஓநாய்.
படிவம் பன்னிரண்டு, கரடி.
நாய்க்குப் படிவம் இல்லை.

மதிய இடைவேளையில் லத்தீன் படிக்கிறேன்.
பதினாறு வயதில் இரண்டு முறை தோற்ற பாடம்.
இப்போது எதற்கு என்றான் தொமீட்ஸியோ,
வாயில் பாதி ரொட்டி.
பழைய கடன் என்றேன்.
யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

புத்தகத்தில் மனிதர்கள் குறைவு.
பாலாடைக்கட்டியைத் தவறவிட்ட காக்கை.
மாடாகப் பார்த்து வெடித்துப்போன தவளை.
பக்கத்தின் அடியில், பில்லில் வரி போடுவதுபோல்
பொடி எழுத்தில் பழமொழிகள்.
கை கையைக் கழுவும்.
மெல்ல அவசரப்படு.
ஓநாய் மயிரை மாற்றும், மனதை மாற்றாது.
கடைசியதை எழுதித் திரையோரம் ஒட்டினேன்.
மேலாளர் ஃபலாஸ்கா, அகராதி இல்லாமலே,
நின்றபடி வாசித்தார்.
பிறகு தலையைத் தடவிக்கொண்டார்.
முந்தின நாள்தான் சாயம் பூசியிருந்தார்.

எங்கள் மொழியில்
வரிசையில் முந்தி நிற்பவன் தின்பான்.
லத்தீனில் இடம் பொருட்டே அல்ல.
ஓநாயை முதலில் வை, நடுவில் வை,
வாக்கியத்தின் வாலில் கட்டித் தொங்கவிடு,
பசி அதே பசி.
சொல்லின் கடைசி எழுத்தில் இருக்கிறது பல்.
லூபுஸ் ஆக்னும் வோராத்.
ஓநாய் ஆட்டுக்குட்டியைத் தின்கிறது.
ஸ்-ஐயும் ம்-ஐயும் இடம் மாற்றினேன்.
லூபும் ஆக்னுஸ் வோராத்.
காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஆட்டுக்குட்டி மென்றுகொண்டிருந்தது.

அந்த ம்-முக்குப் பெயர்
குற்றஞ்சாட்டும் வேற்றுமை.
வேற்றுமைக்கே அவர்கள் இட்ட பெயர் 'விழுதல்'.
நின்ற சொல் சாய்கிறது,
சாய்ந்ததன்மேல் எவனோ எதையோ செய்கிறான்.

மூன்றாம் பாடத்தில் ஓடை.
மேலே நிற்பது ஓநாய்,
கீழே குடிப்பதிடம் சொல்கிறது,
என் தண்ணீரைக் கலக்கிவிட்டாய்.
பயிற்சிக் கேள்வி: ஆட்டுக்குட்டி என்ன பதில் சொன்னது?
தேடித் தேடிப் பார்த்தேன்.
ஒரு பிழை இல்லை அதன் இலக்கணத்தில்.

வியாழக்கிழமை இலியே வந்தான்.
ருமேனியாக்காரன், பிறத்தியார் மந்தை மேய்ப்பவன்.
பிளாஸ்டிக் பையிலிருந்து ஏழு மஞ்சள் காதுவில்லைகளை
சில்லறை எண்ணுவதுபோல் மேசையில் வைத்தான்.
ஒன்றில் கொஞ்சம் காதும் இருந்தது.
கால்நடை மருத்துவர் பென்சிலில் எழுதியிருந்தார்,
நாய், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இதற்கென்றே ஒரு கடிதம் இருக்கிறது எங்களிடம்.
ஆடு நனைகிறதே என்று அழுகிற கடிதம்.
பெயரை மட்டும் நிரப்பினால் போதும்.

அவன் திரையோரத்துச் சீட்டுகளை
உதடசைத்து வாசித்துக்கொண்டிருந்தான்.
லூப், என்றான், எங்களிடமும் லூப்தான்.
அடுத்த சீட்டில் நின்றான்.
இதில் தின்பது யார்?
ஆட்டுக்குட்டி, என்றேன்.
எந்த மலையில் மேய்கிறது அது?
சிரிக்கவில்லை.

படிவம் பதினொன்றில் ஒன்பதாம் கட்டம்,
தாக்கிய விலங்கின் அறிவியல் பெயர்.
பன்னிரண்டு வருடமாக நிரப்புகிறேன்,
அன்றுதான் படித்தேன்.
ஓநாய், கானிஸ் லூபுஸ்.
வீட்டு நாய், கானிஸ் லூபுஸ் ஃபமிலியாரிஸ்.
நாய் ஓநாய்.
நாய் ஓநாய் வீட்டைச் சேர்ந்தது.

மெல்ல அவசரப்பட்டேன்.
கானிஸ் எழுதினேன்.
லூபுஸ் எழுதினேன்.
மூன்றாவது சொல்லுக்கும் கட்டத்தில் இடமிருந்தது.
பேனாவை மூடிவைத்தேன்.

காதுவில்லைகளைப் பையில் போட்டுக்கொண்டு
இலியே படியிறங்கும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை ஃபலாஸ்கா கையெழுத்திட வேண்டும்.
அவர் பள்ளியில் லத்தீனில் முதல் மாணவராம்.
தொமீட்ஸியோ சொன்னான்.