நாற்காலிக்குள் காலி

அறை எண் 304-இல்
மேடை உண்டு, கொடி உண்டு, தண்ணீர்க் குவளை உண்டு.
பதினான்கு மாதமாய் நீதிபதி இல்லை.
கறுப்புத் தோல் நாற்காலியை மட்டும்
வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுகிறார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
தமிழில் அழுவதை ஆங்கிலத்தில் சொல்ல
மணிக்கணக்கில் கூலி வாங்குபவள்.
இன்று கிடைத்தது ஒரே வாக்கியம்,
குமாஸ்தா தலை நிமிராமல் சொன்னது:
வழக்கு மீண்டும் ஒத்திவைக்கப்படுகிறது.
ஆறாம் முறையாக இதை
அங்கயற்கண்ணிக்குச் சொல்கிறேன்.
முதல் தடவை "ஏன்" என்று கேட்டாள்.
மூன்றாம் தடவை "எப்போது."
இம்முறை எதுவும் கேட்காமல்
மகனின் பல் வைத்தியர் ரசீதைக் கைப்பையிலிருந்து எடுத்து
அதன் முதுகில் தேதியை எழுதிக்கொண்டாள்.

கணவன் எதிர் பெஞ்சில். அவனுக்கும் கண்ணில் தூக்கம்.
பிரிவதற்கென்று வந்து வந்து
ஒரே பேருந்தில் திரும்பிப் போகிறவர்கள்.

லிஃப்ட் வாசலில் கேட்டாள்,
"ஆளே கிடைக்கலையாக்கா இந்த ஸ்டேட்ல?"

கிடைத்தார். லொரேன் பெட்டிவே.
இருபத்திரண்டு வருடம் குடும்ப வழக்குகளோடு கிடந்தவர்.
கவர்னர் பெயரை அனுப்பிப் பதினோரு மாதம்.
அந்த மாவட்டத்துச் செனட்டர்கள் அத்தனை பேரும்
கையெழுத்துப் போட வேண்டும்.
ஒருவர் போட்டார்.
மற்றவர் வேறு கட்சி. பேனாவின் மூடியைக் கழற்றவில்லை.
காரணம் சொல்லவும் வேண்டியதில்லை,
வழக்கம் அப்படி.
அந்த வழக்கத்துக்கு இங்கே பெயர் மரியாதை.

"யாரு யாருக்குக்கா?"

கேள்விக்குப் பதில் சொல்வது என் வேலையில்லை.
கேள்வியை வேறொரு மொழியில் திருப்பிக் கேட்கலாம்.
கேட்க எதிரே
லிஃப்டின் எஃகுக் கதவுதான் இருந்தது.

வியாழனன்று விடுப்பெடுத்து ட்ரெண்டனுக்குப் போனேன்.
ஆற்றுப் பாலத்தில் சிவப்பு எழுத்து:
ட்ரெண்டன் செய்கிறது, உலகம் எடுத்துக்கொள்கிறது.
அன்றைக்கு என்ன செய்கிறது என்று
குழு அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

போன ஆட்சியில் எங்கள் ஆளை நிறுத்தினீர்கள், என்றார் ஹாலிகன்.
அதற்கு முந்தைய ஆட்சியில்
எங்கள் ஆளை யார் நிறுத்தியது, என்றார் வ்ரூம்.
அதற்கும் முன்னால், அதற்கும் முன்னால் என்று
வருடம் இறங்க இறங்கக் குரல் ஏறியது.
செத்துப்போன செனட்டர்கள் இரண்டு பேர்
சாட்சிக்கு வந்து போனார்கள்.
பழக்கதோஷம், உதட்டுக்குள் தமிழ்ப்படுத்திக்கொண்டே இருந்தேன்.
நாற்பது நிமிட ஆங்கிலம்,
இருவருக்கும் தமிழில் ஒரே வரிதான் வந்தது:
நீ மட்டும்?

பட்டியலின் இரண்டாம் பக்கத்துப் பெயர்
அன்றும் கூப்பிடப்படவில்லை.

காபி இயந்திரம் சில்லறையை விழுங்கிவிட்டு நின்றது.
அதைத் தட்டிக்கொண்டிருந்தவர் பெட்டிவே.
என்னை யாரோ நிருபர் என்று நினைத்திருக்க வேண்டும்,
கேட்காமலே சொன்னார்:
அலுவலகத்தைக் காலி செய்துவிட்டேன்,
புதுக் கட்சிக்காரர்களை ஏற்பதில்லை.
அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லில் கட்சி இல்லை.
வக்கீலை நம்பி வருகிறவருக்கும்
கொடி பிடிக்கிறவருக்கும்
ஒரே சொல்லை வைத்திருப்பது நாம்தான்.
அந்தக் கட்டடத்தில் நின்றபோது
நம் மொழி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டதோ,
இல்லை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்ததோ
என்று புரியவில்லை.

வெளியே தூறல்.
ஹாலிகன் குடையை விரித்தார்.
வ்ரூம் அதற்குள் நுழைந்துகொண்டார்.
எதையோ சொல்லிச் சிரித்தபடி
கார் நிறுத்துமிடம் வரை போனார்கள்.

அடுத்த தேதி. சீக்கிரமே வந்துவிட்டேன்.
304-இன் கதவு ஒருக்களித்திருந்தது.
துடைப்பக் கழியை மேடையில் சாய்த்துவிட்டு
அந்த நாற்காலியில் உட்கார்ந்து
ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார் ஓஸ்வால்டோ.
என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

அவர் எழுவதற்கு முன்,
பெஞ்சில் பாதி உட்கார்ந்திருந்த நான்
நீதிபதி வந்ததாக நினைத்து
எழுந்து நின்றிருந்தேன்.