ஓடுகளை எண்ணும் நேரம்

ஏழாம் மேசையில் இருந்துகொண்டு கேட்டாய்,
எல்லோரும் கேட்பதுதான்:
"ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடுவார்கள்?"

என் கையில் நான்கு தட்டு,
ஐந்தாவதாக உன் கேள்வி.

ஊர்க்காரர்கள் வீட்டில் சாப்பிடுவார்கள்.
நேற்றைய பீன்ஸ், கொஞ்சம் தயிர்,
டிவியில் யாரோ யாரையோ திட்டுவார்கள்.
இதைச் சொன்னால் டிப்ஸ் குறையும்.
அதனால் மணிக்கூண்டுப் பக்கம்
என் மைத்துனன் கடைக்குக் கைகாட்டிவிடுவேன்.
இஸ்மிரில் பாதிப் பேர் இப்படித்தான் பிழைக்கிறோம்.

நேற்று கால் வலி.
வலியில் உண்மை வந்துவிட்டது:
"இரண்டரை மணிக்கு, மூடிய வங்கி மூலையில், ஷெஹ்முஸ்."

அக்கரைக்குக் கடைசிப் படகு போனது.
மாலையெல்லாம் மேசைத் துணிகளைப் பறக்கவிட்ட
கடல்காற்று எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டது.
ராக்கி வெளுத்த கிளாஸ்களை இல்கெர் கழுவினான்,
விரல்கள் ஊறி ஊறி
அவனுக்குக் கைரேகையே இருக்காது.
நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றினோம்.
துர்சுன் அடுப்பை அணைத்தான்,
ஏப்ரனைக் கழற்றினான், சொன்னான்:
"பசிக்குது."
எட்டு மணி நேரம் மீன் வறுத்தவன்.

மூலையில் ஏற்கெனவே கூட்டம்.
கதவைத் திறந்தே போட்டுவிட்டு வந்த டாக்ஸிக்காரர்,
பணி முடிந்த நர்ஸ் ஒருத்தி, பேட்ஜைக்கூடக் கழற்றாமல்,
சண்டை போட்டுச் சமாதானமாகாத ஒரு ஜோடி.
நாற்காலி கிடையாது. தட்டும் கிடையாது.
ஷெஹ்முஸ் சிப்பியைத் திறப்பான்,
உள்ளே மிளகும் பட்டையும் மணக்கும் சோறு,
எலுமிச்சை ஒரு பிழி,
மேல் ஓட்டை முறித்து அதையே கரண்டியாக்கிக் கொடுப்பான்.
வாங்குவாய், விழுங்குவாய்,
அடுத்தது தயாராக நீண்டிருக்கும்.
வேண்டாம் என்று சொல்லாதவனுக்கு
வந்துகொண்டே இருக்கும்.

நடுவில் நீ.

கண்ணில் நீர் கட்டி, கழுத்து வியர்த்து,
காலடியில் ஓட்டுக் குவியல்.
மறுத்தால் அவமரியாதை என்று யார் சொன்னார்களோ.
ஷெஹ்முஸுக்கோ பெருமை தாங்கவில்லை,
இப்படி ஒரு வயிற்றை அவன் கண்டதே இல்லை.
"நாற்பதைத் தாண்டுவான்" என்று டாக்ஸிக்காரர் பந்தயம் கட்டினார்.
"அதற்குள் ஆம்புலன்ஸ்" என்றாள் நர்ஸ்.

மறைப்பானேன்,
நாற்பத்து மூன்று வரை நானும் வேடிக்கை பார்த்தேன்.

பிறகு உன் எதிரில் வந்து நின்று
வலக்கையை நெஞ்சில் வைத்துக் காட்டினேன்.
போதும் என்பதற்கு இங்கே அவ்வளவுதான்.
நீயோ அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டாய்.
வாய் நிறையச் சோறு,
பதிலுக்கு உன் கையும் நெஞ்சில்.

நீட்டிய சிப்பி பாதியில் நின்றது.

தெருவே சிரித்தது, சமாதானமாகாத ஜோடியும் சேர்ந்து.
உன்னைச் சிரிக்கிறார்களா, உனக்காகவா என்று
ஒவ்வொரு முகமாகத் தேடிவிட்டு
நீயும் சிரித்தாய்.

ஷெஹ்முஸ் குந்தி உட்கார்ந்து ஓடுகளை எண்ணினான்.
நாற்பத்து நாலு. நாற்பதுக்குத்தான் காசு வாங்கினான்.
மார்தின் மலையிலிருந்து வந்தவன்,
பதினாறு வயது வரை கடலைக் கண்டதில்லை.
இருபத்திரண்டு வருஷமாக இதே மூலை.
இன்னும் அவனை
"உனக்கு எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள்,
எலுமிச்சையை உறிஞ்சிக்கொண்டே.
அவன் ஒரு சிப்பிகூடத் தின்றதில்லை.
"அது எப்படி இறங்குதோ உங்களுக்கு!"

"அடுத்து எங்கே?" என்று கேட்டாய், பேராசைக்காரா.
ஐந்து மணிக்கு அடுப்புக்கடை திறக்கும்,
சுடச்சுட போயோஸ், கூட ஓர் அவித்த முட்டை.
சொல்லவில்லை.
ஊர்க்காரி தூங்கப் போகிறாள் என்றேன்.

இன்று சாயங்காலம் மறுபடி ஏழாம் மேசை.
ரொட்டிக் கூடையோடு வந்தேன்.
என்னைப் பார்த்ததும் கையை நெஞ்சில் வைத்தாய்.

வேண்டாம் என்கிறாயா, வணக்கம் என்கிறாயா,
தெரியவில்லை.
கூடையை வைத்துவிட்டுப் போனேன்.