ஆறு இலக்கம்

ஐயன்கன்குளம் பொதுநோக்கு மண்டபத்தில்
பனர் கட்டியாயிற்று.
தேசிய டிஜிட்டல் எழுத்தறிவு வேலைத்திட்டம், கட்டம் இரண்டு.
மூன்று மொழியிலும் அடித்திருந்தார்கள்.
எங்கள் மொழியில் ஒரு மேல்விலங்கு விழுந்து
எழுத்தறவு என்றிருந்தது.
ஒருவரும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

கொக்காவில் கோபுரத்துச் சிவப்பு விளக்கு
இரவில் தெரியும் ஊர்.
பகலில் கவரேஜ் மேற்கு யன்னலோரம் மட்டும்.
நாடு முழுதும் ஒரே நேரத்தில் தொடங்கிய திட்டம்
இங்கே யன்னலடியில்
ஒரு லப்டொப்புக்கு வரிசையில் நின்றது.

பரஞ்சோதி அண்ணர்
மவுஸை மேசையின் விளிம்புவரை ஓட்டிப்போய்
"இதுக்கு மேல இடமில்லைத் தம்பி" என்றார்.
தூக்குங்கோ என்றேன்.
தூக்கினார்.

அடுத்தது உதயறஞ்சினி.
அடையாள அட்டை, வயல் உறுதி, பிள்ளைகள் இரண்டு,
எல்லாம் ஒற்றை விரலால் குத்தி முடித்தாள்,
மிளகாய்க் கன்று நடுகிற மாதிரி, இடைவெளி பார்த்து.
கடைசியில் திரை சொன்னது:
பதிவிலுள்ள தொலைபேசிக்கு ஆறு இலக்கம் அனுப்பியுள்ளோம்.
இரண்டு நிமிடம் செல்லுபடியாகும்.

"போனைப் பாருங்கோ."
"அந்த நம்பர் அவரிட்ட."
"அவர்?"
"டோகாவில."

நூற்றுப் பத்தொன்பது. நூற்றுப் பதினெட்டு.
பின்வாங்கிலிருந்து ஒருத்தி "எடன்ரி" என்றாள்.
எட்டு மாதமாக வங்கிக்குக் காசு மட்டும் வருகிறது,
லோன்காரன் படலையில் நின்ற அன்று
பிடித்த கோபம் என்பதை
அவள் சொல்லாமலே மண்டபம் அறிந்திருந்தது.

எடுத்தாள்.
அந்தப் பக்கம் கொங்கிறீற் மிக்சர் சுற்றுகிற சத்தம்.
"என்ன?"
"ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்கோ."
கையுறை கழற்றுகிற நேரம்,
பொக்கற்றில் மற்றப் போனைத் தேடுகிற நேரம்.
"நாலு. ஒன்பது. ஒன்பது. ரெண்டு..."
நேரம் முடிவடைந்துவிட்டது என்றது திரை.

"இன்னொண்டு வரும்."
"ம்."
இந்தமுறை அவன் கெதியாகச் சொன்னான்.
அவள்தான் நடுவில்
"சாப்பிட்டீங்களே?" என்றாள்.
இந்தக் கேள்விக்கு எங்கள் படிவத்தில் பெட்டி இல்லை.
"இல்லை. ஆறு."
இல்லைக்கும் ஆறுக்கும் இடையில்
கொஞ்சம் மூச்சு விழுந்தது.
அதை அவள் எங்கே பதிந்தாளோ,
திரையில் ஓர் இலக்கம் குறைந்தது.

மூன்றாந்தரம்.
மண்டபத்தில் மின்விசிறிகூடச் சத்தம் போடவில்லை.
மின்சாரம் போயிருந்தது, நான் கவனிக்கவில்லை.
அவன் ஒவ்வொன்றாக,
பிள்ளைக்குத் தீத்துகிறது போல் சொன்னான்.
கடைசி இலக்கம் ஒன்று.
அவளும் "ஒண்டு" என்று திருப்பிச் சொன்னாள்.
சொல்லிவிட்டு ஏழை அமத்தினாள்.

விசைப்பலகையில் ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவே
ஐந்து விசை இருக்கிறது.
நான் பக்கத்தில்தான் நின்றேன்.

முயற்சிகள் முடிந்தன.
இருபத்துநான்கு மணித்தியாலத்தின் பின் முயலவும்.

"நாளைக்கும் ஒருக்கா எடுக்க வேண்டிவரும்" என்றாள்
யன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு.
மிக்சர் நின்றது.
"எத்தினை மணிக்கு?"

பின்னேரம் மாங்குளம் போகமுன் அறிக்கை நிரப்பினேன்.
வந்தோர் பதினான்கு. பதிந்தோர் ஒன்பது.
பதியாமைக்கான காரணம், ஒன்றைத் தெரிவுசெய்க:
மின்தடை. இணையத் தடை. ஆவணக் குறைபாடு. பிற.
மின்தடையில் கை வைத்தேன், பொய்யுமில்லை.
பிறகு எடுத்து, பிற என்பதில் வைத்தேன்.

"தம்பி," என்றார் பரஞ்சோதி அண்ணர்,
மவுஸ் இன்னும் அந்தரத்தில்,
"இனி இறக்கலாமே?"